கண் பெற்ற சிறு பலகை

‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. உருவத்தைக் கண்டு ஒரு பொருளின் ஆற்றலை அளவிடலாகாது என்பதே அதன் கருத்து. இப்பழமொழிக்கு நல்லதொரு சான்றாக இந்நூற்றாண்டில் தோன்றியது ராஸ்பெரி பை என்னும் கணினிப் பலகை. அதன் நீளம் ஏறக்குறைய 85 மில்லிமீட்டர்; அகலம் 56 மில்லிமீட்டர். சட்டைப் பையில் அடங்கும் அளவினதே எனினும், அது கணக்கிடும்; எழுதும்; இசைக்கும்; கண்ணொன்று பொருத்தினால் காணவும் செய்யும். இப்பலகை எவ்வாறு தோன்றியது? அஃது எங்ஙனம் காண்கிறது? அதனைக் கையாள்வோர் மேற்கொள்ள வேண்டிய கடமை யாது? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

கேம்பிரிட்ஜ் இங்கிலாந்தின் பழம்பெருங் கல்வி நகரங்களுள் ஒன்று. அந்நகரத்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினி 1981ஆம் ஆண்டில் வெளிவந்து, அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இடம்பெற்றது. அதனை இயக்கியவுடன் திரையில் ஒரு சிறு குறி தோன்றும், அவ்வளவே. ‘இனி யான் செய்ய வேண்டுவது யாது?’ என்று அக்கணினி மாணவனை வினவுவது போலிருக்கும். ஆணையிடக் கற்றாலன்றி அதனாற் பயனில்லை. ஆகவே, சிறுவர் பலர் விளையாட்டாகவே நிரல் எழுதப் பழகினர். ஆண்டுகள் செல்லச் செல்ல நிலைமை மாறியது. வீட்டுக் கணினிகள் அழகும் விரைவும் பெற்றன. ஆயினும், அவற்றினுள்ளே கைவைத்துப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்தது. விலையுயர்ந்த பொருளைப் பிள்ளைகள் கெடுத்துவிடுவரோ என்று பெற்றோரும் அஞ்சினர். நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் உண்டோ?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் கற்பித்த எபன் அப்டன் என்பார் இக்குறையை உணர்ந்தார். கணினியியல் பயில விரும்பி வருவோர் தொகை குறைந்து வந்தது. வந்தவரிடத்தும் முன்னைய மாணவர்க்கு இருந்த கைப்பழக்கம் காணப்படவில்லை. சிறுவர் தமக்கே உரியதாகக் கொள்ளத்தக்கதும், கெட்டுப்போயினும் பெரிதும் வருந்தத் தேவையில்லாததுமாகிய மலிவான கணினி ஒன்று வேண்டும் என்று அவரும் அவர்தம் நண்பர்களும் எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனே ராஸ்பெரி பை. அஃது 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது; விலை 35 டாலர். பழத்தின் பெயரைக் கணினிக்கு இடுவது ஒரு பழைய வழக்கம். அதனைத் தழுவி ‘ராஸ்பெரி’ என்றனர். ‘பை’ என்பது பைத்தான் என்னும் நிரல்மொழியை நினைவூட்டுவது. பதினாயிரம் பலகைகள் விற்றாலே பெரிது என அதனை ஆக்கியோர் கருதியிருந்தனர். விற்பனை தொடங்கிய அன்றோ, வணிகரின் இணையத்தளங்கள் கூட்டந் தாங்காமல் நின்றுபோயின! 2024ஆம் ஆண்டிற்குள் விற்பனையான பலகைகள் 6 கோடியைக் கடந்துவிட்டன.

இனி, அதன் அமைப்பைக் காண்போம். பலகையின் நடுவே கணக்கிடும் சில்லு அமைந்துள்ளது. முதலில் வந்த பலகைகளின் நினைவகம் 256 மெகாபைட் அளவினது. நகத்தளவான நினைவக அட்டை ஒன்றே அதன் ஏடும் பேழையும் ஆகும். ஓரத்தில் ஊசி போன்ற உலோகக் கால்கள் வரிசையாக நிற்கின்றன. விளக்கு, மணி, வெப்பத்தை அளக்கும் உணரி முதலியவற்றை இக்கால்களில் இணைக்கலாம். உறையின்றி வரும் அப்பலகையின் உறுப்புகள் அனைத்தும் கண்ணுக்குத் தெரிவதும் மாணவர்க்கு ஒரு பாடமேயன்றோ?

உடலுக்கு உயிர் போன்றது கணினிக்கு இயக்கமுறைமை. இப்பலகையை இயக்குவது லினக்ஸ். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை எழுதி, யாவரும் காண வெளியிட்டார். உலகெங்குமுள்ள அறிஞர் அதனைப் படித்தனர். பிழை கண்டவர் திருத்தினர். வல்லவர் புதியன சேர்த்தனர். அது பூட்டிய பெட்டியன்று, திறந்த ஏடு. கற்பவர்க்கென அமைந்த பலகைக்குக் கற்கத்தக்க இயக்கமுறைமையே பொருந்தியது.

2013ஆம் ஆண்டில் இப்பலகைக்கெனச் சிறிய காமிரா ஒன்று வெளிவந்தது. அஃது எடுக்கும் படம், குறுக்கே 2,592, நெடுக்கே 1,944 எனப் புள்ளிகளால் ஆனது. மொத்தம் ஏறத்தாழ 50 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவாகக் கணினி குறித்துக்கொள்கிறது. ஆகவே, நாம் மலரைக் காணுமிடத்தில் அது காண்பது ஒன்றரைக் கோடி எண்களையே! முன்னர் எடுத்த படத்தின் எண்களைப் பின்னர் எடுத்ததன் எண்களிலிருந்து கழித்தால், மாறாத இடங்களில் விடை சுழியாகவோ மிகச் சிறியதாகவோ இருக்கும். பெரிய எண் தோன்றும் இடத்தில் ஏதோ அசைந்தது என்பது தெளிவு. பள்ளியில் பயிலும் கழித்தற் கணக்கே பொறியின் பார்வைக்கு அடிப்படையாவதைக் காண்க.

அங்ஙனம் கண்டதை அப்பலகை இணையத்தின் வழியே தொலைவிற்கும் அறிவிக்கும். படங்கள் அனைத்தையும் அனுப்பினால் இணைப்புத் தாங்காது, பொருளும் வீணாகும். கண்ட இடத்திலேயே கணக்கிட்டு, ‘வாயிலில் ஒருவர் வந்துள்ளார்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் அனுப்புவதே அறிவுடைமை.

இத்தகைய பலகைகள் இரண்டு 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைந்தன. அங்கே எடையின்மை காரணமாக வெப்பக் காற்று மேலெழுந்து செல்வதில்லை. ஆகவே, வெப்பத்தைக் கடத்த வல்ல அலுமினியப் பேழைகளில் அவை வைக்கப்பட்டன. அவற்றில் இயங்கிய நிரல்களை எழுதியோர் பிரிட்டன் நாட்டுப் பள்ளி மாணவர்! பசுமையான இலை சிவப்பொளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இவ்வியல்பைக் கொண்டு நிலவுலகின் தாவர வளத்தை ஆராய்ந்தது ஒரு நிரல். காற்றின் ஈரப்பதம் ஏறுவதைக் கொண்டு விண்வெளி வீரர் அருகில் வந்ததை அறிய முயன்றது மற்றொன்று. வகுப்பறையில் பிறந்த எண்ணம் விண்ணில் உலவியது.

ஆயினும், கூரிய கத்தியைக் கையாள்வோர்க்கு விழிப்பு வேண்டும். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல் ஒன்று பரவிற்று. இணையத்தோடு இணைந்த காமிராக்கள் முதலிய கருவிகளுள், முதலில் இடப்பட்ட பொதுக் கடவுச்சொல் மாற்றப்படாதவற்றில் அது புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அங்ஙனம் வசப்பட்ட கருவிகள் ஒருங்கே தாக்கியதால், அமெரிக்காவில் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல எட்டாதனவாயின. காவலுக்கு வைத்த கண்ணே கள்வர்க்குக் கருவியாயிற்று. ராஸ்பெரி பை பலகைகளுக்கும் முன்னர்ப் பொதுவான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. கதவு உரியவர்க்குத் திறந்திருத்தல் வேறு. யாவர்க்கும் திறந்து கிடத்தல் வேறு. மேலும், பிறரைக் காணும் கண்ணை அவர் அறியாமல் வைப்பதும் பண்பாகாது.

மாணவர்களே! பிறர் ஆக்கிய கருவியின் பொத்தானை அழுத்துதல் எவர்க்கும் எளிது. அதன் உள்ளே நிகழ்வது யாது என வினவுதலும், பிழை செய்து திருத்திக் கற்றலும், கற்றதை நன்னெறியிற் செலுத்துதலுமே அறிவுடையார் செயல். சிறுவர் அஞ்சாது பிழை செய்ய இடந்தந்தமையே இச்சிறு பலகையின் பெருமை. அவ்விடத்தை நன்கு பயன்படுத்தி, கருவியை நுகர்வோராக மட்டுமன்றி ஆக்குவோராகவும் விளங்குவோமாக.