ஓ.டி. குறைகிறதா? ஆலை வேலைநேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

ஆர்டர் குறைந்தால் எந்தக் கம்பெனியும் மறுநாளே ஆளை நிறுத்துவதில்லை. பழக்கிய ஆளை விட்டுவிட்டு மறுபடி தேடுவது செலவு. அதனால் முதலில் ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலை போகும், பிறகு ஒரு ஷிஃப்ட் போகும், அப்புறம் 'உற்பத்தி இல்லாத நாள்' என்று நோட்டீஸ் வரும். 2019 செப்டம்பரில் லாரி விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 நாளும் ஓசூருக்கு 5 நாளும் வேலையில்லா நாட்களாக அறிவித்தது. அமெரிக்காவில் ஆலைத் தொழிலாளர்களின் சராசரி வார வேலைநேரத்தைப் பொருளாதாரத்தின் முன்னறிகுறிகளில் ஒன்றாக வைத்திருப்பதும் இதனால்தான்.

நம் நாட்டில் வருடாந்தரத் தொழில் ஆய்வு மனித நாட்களைக் கணக்கெடுக்கிறது. ஆனால் அது வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். செங்கல்பட்டுப் பக்கம் படாளத்தில் மெஸ் நடத்துபவரோ, மகேந்திரா சிட்டி தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிறவரோ அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஒரு நோட்டு இருந்தால் வேலைநேரக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில், ஒரே யூனிட்டில் வேலை செய்கிற சிலருடைய பே சிலிப்பைப் பாருங்கள். சூப்பர்வைசராக இருந்தால் வருகைப் பதிவேடே கையில் இருக்கும். எல்லோரும் உண்மையில் வேலை செய்த மணிநேரத்தைக் கூட்டி, ஆள் எண்ணிக்கையாலும் வாரங்களாலும் வகுக்க வேண்டும். 40 பேர், 4 வாரம், மொத்தம் 7,520 மணி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் 47 மணி. பிறகு அது 7,200 ஆனால் 45 மணி. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, ஆனாலும் வாரத்துக்கு 80 மணிநேர வேலை காணாமல் போயிருக்கிறது.

அடுத்து ஓ.டி.யைத் தனியாக எழுதுங்கள். இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சட்டப்படி வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் செய்தால் இரட்டைக் கூலி. அதாவது ஓ.டி. இரண்டு மணி குறைந்தால் கையில் நான்கு மணிக் கூலி குறைகிறது. சராசரி நேரம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், சம்பளக் கவரோ நன்றாக இளைத்திருக்கும். மெஸ்ஸில் கணக்கு எழுதச் சொல்லிப் போகிறவர்கள் அதிகமாவது அந்த வாரத்தில்தான்.

போன மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். பொங்கல் வரும் ஜனவரியையும் ஆயுத பூஜை வரும் மாதத்தையும் பக்கத்து மாதத்தோடு வைத்துப் பார்த்தால் எல்லாமே மந்தமாகத்தான் தெரியும். படாளத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவைப் பருவத்தில் இரவு பகலாக ஓடும்; கரும்பு தீர்ந்தால் நின்றுவிடும். அங்கே நேரம் கூடுவதும் குறைவதும் வயலைச் சொல்லும், சந்தையைச் சொல்லாது. ஆகவே சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பண்டிகை மாறி விழுந்திருந்தால் அந்த நாட்களைக் கழித்துவிடுங்கள். மூன்று மாதச் சராசரியாகவும் ஒரு வரி எழுதிக்கொண்டால், மின்வெட்டுக்கும் மழைக்கும் பதற வேண்டியிருக்காது.

ஒரு சிக்கல் இங்கே அமெரிக்கப் பாடத்தை அப்படியே எடுக்கவிடாது. நம் தொழிற்பேட்டைகளில் கான்ட்ராக்ட் ஆட்கள் அதிகம். கம்பெனி நிரந்தரத் தொழிலாளியின் நேரத்தில் கை வைக்காமல் கான்ட்ராக்டரிடம் "நாளை பத்துப் பேர் குறைவாக அனுப்பு" என்று சொல்லிவிடலாம். சராசரி அசையவே அசையாது, வேலையோ குறைந்திருக்கும். எனவே மணிக்கணக்குக்குப் பக்கத்திலேயே கான்ட்ராக்ட் தலைகளையும் எழுதுங்கள். கம்பெனி பஸ், வேன் எத்தனை வருகின்றன என்பதும் உதவும்.

கடைசியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு யூனிட்டில் மட்டும் நேரம் குறைந்தால் அது அந்த முதலாளியின் பிரச்சினையாக இருக்கலாம், இயந்திரப் பழுதாகவும் இருக்கலாம். வேறு வேறு பொருள் செய்கிற மூன்று நான்கு யூனிட்டில் சேர்ந்து குறைந்தால்தான் சேதி. வாகனக் கம்பெனிகள் மாதத் தொடக்கத்தில் வெளியிடும் விற்பனைக் கணக்கும், மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் மாதாந்தரத் தொழில் உற்பத்திக் குறியீடும் அதே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்தால், புது பைக்குக்கு மாதத் தவணை முடிவு செய்யும்போது ஓ.டி.யைச் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். நேரம் ஏறத் தொடங்கினாலும் இதே வரிசைதான்: முதலில் ஓ.டி. கூடும், அது சில மாதம் நீடித்தால் புது ஆள் எடுப்பார்கள். வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த இடைவெளியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்து வைக்கலாம்.