சின்னக் கம்பனியில் முதலாளியின் பழக்கமே சட்டம்

நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் பிரச்சினை வராது, எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்று பலரும் நினைப்பதுண்டு. பெரிய கம்பனியில் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே முகாமையாளர், கணக்காளர், ஆளணிப் பிரிவு என்று பல படிகள் இருக்கின்றன. முதலாளியின் கோபமும் அவசரமும் அந்தப் படிகளில் இறங்கி வரும்போது பாதி குறைந்துவிடும். சிறிய இடத்தில் அப்படி ஒரு படியும் இல்லை. முதலாளி காலையில் சிடுசிடுப்போடு வந்தால் அன்று முழுவதும் எல்லோருக்கும் கெட்ட நாள்தான். அவருடைய பழக்கமே அங்கு சட்டமாகிவிடுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள இவ்வாரம் ஒரு சிறிய மென்பொருள் கம்பனியைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். "அரிசி, புடைவை, இரும்பு விற்கும் எங்களுக்கு அது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருள் கம்பனிக்குப் பெரிய களஞ்சியமோ இயந்திரமோ தேவையில்லை. அதன் முதல் ஆட்களின் மூளையும் நேரமும்தான். ஆகவே ஆட்களை நடத்தும் விதத்தால் வரும் இலாபமும் நட்டமும் அங்கே மறைவின்றித் தெரியும்.

வாரம் 10 மணித்தியாலம்

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1999 ஆம் ஆண்டு 37 சிக்னல்ஸ் என்ற கம்பனி தொடங்கப்பட்டது. பிறருக்கு இணையத்தளம் வடிவமைத்துக் கொடுப்பதே அதன் முதல் தொழில். வேலைகள் கூடியபோது, எந்த வாடிக்கையாளருக்கு என்ன சொன்னோம், எது முடிந்தது, எது பாக்கி என்பதை மின்னஞ்சல்களில் தேடிப்பிடிப்பது பெரும்பாடாயிற்று. ஆகவே தமது சொந்தப் பாவனைக்கு ஒரு மென்பொருளைச் செய்தார்கள். அதைக் கண்ட வாடிக்கையாளர்கள் தமக்கும் வேண்டும் என்றார்கள். 2004 பெப்ரவரியில் அது பேஸ்கேம்ப் என்ற பெயரில் மாதக் கட்டணத்துக்குச் சந்தைக்கு வந்தது. அப்போது கம்பனியில் இருந்தவர்கள் நால்வர்தான்.

அதை எழுதிய நிரலாளர் டேவிட் ஹைன்மையர் ஹான்சன், டென்மார்க்கில் படித்துக்கொண்டிருந்த மாணவர். வாரத்தில் சுமார் 10 மணித்தியாலமே அவரால் இந்த வேலைக்கு ஒதுக்க முடிந்தது. சிக்காகோவில் இருந்த ஜேசன் பிரைட்டுக்கும் அவருக்கும் இடையே 7 மணி நேர வித்தியாசம் வேறு. நினைத்த நேரம் கூப்பிட்டுப் பேச வழியில்லை; தேவையில்லாததைச் செய்யச் சொல்லி நேரத்தைக் கரைக்கவும் வழியில்லை. எது அவசியம், எது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. நேரம் குறைவாக இருந்தது அவர்களுக்கு நன்மையாகவே முடிந்தது. பின்னர் கம்பனி வளர்ந்தபோதும் அதே பழக்கத்தை ஒழுங்குமுறையாக்கினார்கள். அந்த ஒழுங்குமுறையில் மூன்று விடயங்கள் எமக்குப் பயன்படும்.

முதலாவது: வேலையைக் குறுக்கே வெட்டாதிருத்தல்

இவ்விருவரும் 2018 இல் எழுதிய நூலில் தமது கம்பனியின் நடைமுறைகளை விபரித்திருக்கின்றார்கள். வாரத்துக்கு 40 மணித்தியாலம். கோடை மாதங்களில் 32. இந்த 40 மணித்தியாலம் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அது துண்டு துண்டாக வெட்டப்படாமைதான். ஒருவரிடம் சந்தேகம் கேட்க வேண்டுமென்றால், அவர் அதற்கென ஒதுக்கியிருக்கும் நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும். மற்றவருடைய நாட்குறிப்பில் இன்னொருவர் கூட்டத்தைப் போட்டு நிரப்ப முடியாது.

இதைக் கடைக் கணக்கில் பாருங்கள். ஸ்டொக் எடுத்துக்கொண்டிருக்கும் பையனை, "தம்பி, ஒரு தேநீர்" என்று இடையில் கூப்பிடுகின்றோம். அவன் திரும்பி வந்து எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குகின்றான். அல்லது ஞாபகத்தில் இருந்ததை எழுதிவிடுகின்றான். மாதக் கடைசியில் சாமான் குறைந்தால் சந்தேகம் அவன்மீது விழுகின்றது. குறைந்தது சாமானா, அவனுக்குக் கொடுத்த நேரமா என்று நாம் பார்ப்பதில்லை.

இரண்டாவது: காலத்தை முதலில் நிர்ணயித்தல்

"இந்த வேலைக்கு எத்தனை நாள் எடுக்கும்?" என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: "இந்த வேலைக்கு எத்தனை நாள் கொடுப்பது பெறுமதியானது?" பெரும்பாலும் 6 வாரம் என்று எல்லை வைப்பார்கள். ஒரு வடிவமைப்பாளரும் ஓரிரு நிரலாளரும் சேர்ந்த சிறு குழு அதற்குள் முடிக்க வேண்டும். முடியாது போலிருந்தால் வேலையின் அளவைக் குறைப்பார்கள். ஆட்களை இரவிரவாக இருத்த மாட்டார்கள். 6 வாரம் முடிந்ததும் 2 வாரம் சில்லறைத் திருத்தங்களுக்கும் மூச்சு விடுவதற்கும் ஒதுக்கப்படும். இந்த முறையை விளக்கி ரயன் சிங்கர் எழுதிய நூலைக் கம்பனி 2019 இல் வெளியிட்டது.

மூன்றாவது: பேரம் பேசாத சம்பளம்

2018 நூலின்படி, அங்கு ஒரே பதவியில் ஒரே தரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே சம்பளம், பேரம் கிடையாது. கம்பனி எங்கே இருந்தாலும், ஊழியர் எந்த ஊரில் இருந்தாலும், சான் பிரான்சிஸ்கோ சந்தையில் மேல்மட்ட 10 சதவீதச் சம்பளமே அளவுகோல். ஒரு வருட இலாபம் முந்திய வருடத்தை விடக் கூடினால், கூடிய தொகையில் 25 சதவீதம் ஊழியர்களுக்குப் பகிரப்படும் என்பதே அப்போதைய நடைமுறை.

அந்தச் சம்பளத்தை எமது கடையில் கொடுக்க முடியாதுதான். ஆனால் தைரியமாகக் கேட்பவனுக்கு ஒரு தொகை, வாய் திறவாதவனுக்கு ஒரு தொகை என்று கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட ஒரு சதமும் செலவில்லை. சிறிய இடத்தில் சம்பள இரகசியம் ஒரு மாதம்கூடத் தங்காது. தெரியவரும் நாளில், வாய் திறவாதவன் வேறு இடம் தேடத் தொடங்கிவிடுவான்.

2021 இல் நடந்தது

இவ்வளவு நல்ல பெயர் எடுத்த கம்பனியில் 2021 ஏப்ரலில் பெரிய குழப்பம் ஏற்பட்டது. சில வாடிக்கையாளரின் பெயர்கள் வேடிக்கையாக இருக்கின்றன என்று ஊழியர் சிலர் பல வருடங்களாக ஒரு பட்டியல் வைத்திருந்தனர். அது பிற இனத்தவரின் பெயர்களைக் கேலி செய்வதாகும் என்று கம்பனிக்குள் விவாதம் எழுந்தது. விவாதம் முற்றியபோது, கம்பனியின் தொடர்பாடல் தளத்தில் சமூக, அரசியல் விடயங்கள் பேசக்கூடாது, குழுக்கள் கலைக்கப்படும் என்று உரிமையாளர்கள் திடீரென அறிவித்தார்கள். உடன்பாடில்லாதவர்கள் விலகிச்செல்ல 6 மாதச் சம்பளமும், 3 வருடத்துக்குக் குறைந்த சேவையுடையோருக்கு 3 மாதச் சம்பளமும் தருவதாகக் கூறினார்கள். சுமார் 60 பேர் கொண்ட கம்பனியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதியினர் சில நாட்களுக்குள் விலகினர். விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு என்று கூறி உரிமையாளர்கள் வருத்தம் தெரிவித்தனர். புதிய விதியை மட்டும் மாற்றவில்லை. கம்பனி தொடர்ந்து இயங்குகின்றது.

அந்த விதி சரியா பிழையா என்பது இப்பாடத்தின் விடயமன்று. அதில் இரு பக்கமும் நியாயம் சொல்பவர்கள் இருக்கின்றார்கள். நல்ல சம்பளமும் குறைந்த வேலை நேரமும் இருந்தும் ஏன் இத்தனை பேர் போனார்கள் என்பதே நாம் கேட்க வேண்டியது. வேலை நேரத்தில் அவர்களுக்கு மரியாதை இருந்தது. ஆனால் தம்மைப் பாதிக்கும் ஒரு முடிவில் தம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற மனத்தாங்கல் பலருக்கு வந்தது. ஆயிரம் பேர் உள்ள கம்பனியில் 20 பேர் போனால் வெளியே தெரியாது. ஆறு பேர் உள்ள கடையில் இருவர் போனால் மறுநாள் ஒரு கதவைத் திறக்க ஆள் இல்லை.

இவ்வாரப் பயிற்சி

1. உங்கள் கடையில் எழுதப்படாத விதிகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள்: லீவு, முற்பணம், சாமான் உடைந்தால் யார் பொறுப்பு. எழுதியதை ஊழியர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அறிந்திருப்பது வேறாக இருக்கலாம்.

2. ஒரு நாள் முழுவதும், நடந்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து ஓர் ஊழியரை எத்தனை தடவை கூப்பிட்டீர்கள் என்று கோடு போட்டு வாருங்கள்.

3. ஒரே வேலை செய்யும் இருவரின் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால், அதற்கான காரணத்தை இருவர் முன்னிலையிலும் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள்.

4. அடுத்த முறை ஒரு விதியை மாற்ற வேண்டியிருந்தால், அறிவிப்பதற்கு முதல் நாள் நீண்ட காலம் உங்களோடு இருக்கும் ஊழியரைக் கூப்பிட்டு, "இப்படிச் செய்யலாமா?" என்று கேளுங்கள். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். அவர் சொல்வதை முழுவதும் கேட்ட பிறகு எடுங்கள்.