லினக்ஸில் ஜாவா – நான் பட்ட பாடம்

1995-ல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது, ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்றது. அதை அப்படியே நம்பிப் போனவன் நான். வீட்டில் விண்டோஸில் ஜோராக ஓடிய என் ப்ராஜெக்ட், வைவா அன்று லேபில் லினக்ஸில் படுத்துவிட்டது. 'ஃபைலைக் காணோம்' என்று திரையில் பிழைச்செய்தி. எக்ஸ்டர்னல் பக்கத்தில் நிற்கிறார். எனக்கோ வியர்த்துக் கொட்டுகிறது!

தப்பு ஜாவாமேல் இல்லைங்க. கம்பைலர் தருவது பைட்கோடு. அது எங்கும் ஒன்றுதான். அதை ஓட்டும் ஜே.வி.எம். மட்டும் ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தனி. ஆனால் ஃபைல் பெயரும் பாதையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாடு. ஆகவே மூன்றைக் கவனியுங்கள்:

1. ஃபைலின் பெயரில் பெரிய 'எம்'. புரோகிராமில் நான் அடித்தது சின்ன 'எம்'. விண்டோஸ் பொதுவாக இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு.

2. கிளாஸ்பாத்தில் விண்டோஸுக்குச் செமிகோலன் (;), லினக்ஸுக்குக் கோலன் (:). லினக்ஸில் செமிகோலன் போட்டால், கட்டளை அங்கேயே முடிந்ததாக ஷெல் நினைத்துக்கொள்ளும்.

3. ஃபோல்டர் பாதையில் \ வேண்டாம், / போடுங்கள். ஜாவா இரண்டு சிஸ்டத்திலும் அதை ஏற்கும்.

ஒரே எழுத்தை மாற்றியதும் என் ப்ராஜெக்ட் ஓடியது. அதற்குள் அரை மணி போச்சு, மார்க்கும் போச்சு!

ஓப்பன் ஜே.டி.கே. இலவசம்தான். வைவாவுக்கு முதல் நாளே லினக்ஸில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். என் வியர்வை உங்களுக்கு வேண்டாம்!