கையொப்பம் இடுமுன் யோசியுங்கள்

1990இல் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் கரைக்கு வந்த விவசாயக் குடும்பங்கள் பல, கூலி வேலையை நம்பியே பிழைத்தன. 1996இல் வெண்புள்ளி நோய் இப்பகுதி இறால் பண்ணைகளைத் தாக்கியது. 2022இல் நாடே நெருக்கடிக்குள்ளானது. இத்தகைய காலங்களில் முதலில் வேலையிழப்பவர் கூலியாளரே. ஆகவே இவற்றை அறிந்திருப்போம்.

1. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஓராண்டில் 180 நாள் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்ய, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். வாசித்து விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள்.

2. சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். அங்கத்துவ இலக்கத்தை எழுதி வையுங்கள்.

3. சேவைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அடுத்த வேலை தேடும்போது உதவும்.

கலந்துரையாட: நமது கிராமத்தில் எத்தனை பேரிடம் இந்த இலக்கம் உண்டு?