கிளட்ச் இல்லாத வண்டிக்கும் கவனிப்பு வேண்டும்

மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகிற வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அந்த வண்டி கற்றுக் கொடுத்த பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இடது முழங்கால் சரியில்லை. மஞ்சள் மூட்டை ஏற்றும்போது அடுக்கு சரிந்து விழுந்ததில் வந்த வினை. நடப்பேன், களை எடுப்பேன். ஆனால் கிளட்சை நாலு தடவை மிதித்தால் கால் பூட்டிக்கொள்ளும். எங்கள் ஊர் தாளவாடிப் பக்கம். பீன்சும் முட்டைக்கோசும் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித்தான் சத்தியமங்கலம் போக வேண்டும். ஆள் வைத்து ஓட்டினால் கிடைப்பது அவர் சம்பளத்துக்கே சரியாகிவிடும். தோட்டத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்தால் அவர் சொன்னதுதான் விலை. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன்.

விற்றவர், "கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாமுங்க" என்றார். நம்பிவிட்டேன். இரண்டு வருசம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பண்ணாரியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் பத்து மூட்டை வேப்பம்புண்ணாக்கு, ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைவிட அதிகம். பாதி மலையில் இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி ஊர்கிறது. சூடு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி, கைபிரேக் போட்டு, 'பி'யில் வைத்து இன்ஜினை அணைக்காமல் அரை மணி நேரம் ஆற விட்டேன். அப்புறம் மெல்ல ஏறி வீடு சேர்ந்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் இல்லை. இந்தப் பெட்டி போனால் வண்டி போச்சு. வண்டி போனால் மறுபடி வியாபாரியின் வாசல்தான்.

முதலில் பார்த்த மெக்கானிக், "செவப்பு ஆயில் ஒரு கேன் ஊத்திருலாங்ணா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். இரண்டாவது ஆள் வயதானவர். அவர் கேனைத் தொடவே இல்லை. "முதல்ல இது என்ன பெட்டின்னு கண்டுபிடிங்க, அப்புறம் ஆயிலைப் பேசலாம்" என்றார். என் வண்டியைக் காப்பாற்றியது அந்த ஒரு சொல்தான்.

ஆயில் ஏன் இவ்வளவு முக்கியம்?

சாதாரண கியர்பாக்சில் ஆயிலின் முக்கிய வேலை பற்கள் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் வண்டியை நகர்த்துவதே ஆயில். இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? டார்க் கன்வெர்ட்டர் அப்படித்தான். காற்றுக்குப் பதில் ஆயில். உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடித்து கியர் மாற்றுவதும் ஆயிலின் அழுத்தம்தான். சூட்டை வெளியே கொண்டு போவதும் அதுதான். ஆயில் கெட்டால் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஆயில் இன்னும் கெடும்.

பெட்டியை அடையாளம் காண்பது

1. லீவரைப் பாருங்கள். பி, ஆர், என், டி என்று இருந்தால் பிக்கப்பில் அது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் வகை. கிளட்ச் மிதி இல்லாமல் 'பி'யும் இல்லை என்றால், அது அநேகமாக ஏ.எம்.டி.; சாதாரண கியர்பாக்சுக்கு மோட்டார் வைத்து கியர் மாற்றுவது. அதற்கு ஆயிலும் வேறு, பராமரிப்பும் வேறு.

2. வண்டிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் இரண்டும் நம் நாட்டில் மேனுவலிலும் வந்தன, ஆட்டோமேட்டிக்கிலும் வந்தன. கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டைப் போட்டோ எடுங்கள். சில கம்பெனிகள் கியர்பாக்சின் குறியீட்டை அதிலேயே அடித்திருக்கும். இல்லையென்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகக் கடையில் கேட்கலாம்.

3. பெட்டியின் மேலேயே சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். மண்ணைத் துடைத்துப் பாருங்கள்.

4. அடியில் இருக்கும் ஆயில் தட்டின் வடிவத்தையும் போல்ட் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் ஃபில்டரும் வாங்கும்போது ஒப்பிட உதவும்.

5. கையேட்டில் எந்த ஆயில் என்று பாருங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஹைலக்சின் ஆட்டோமேட்டிக்குக்கு டபிள்யூ.எஸ். வகை. அதே கம்பெனியின் பழைய வண்டிகள் பலவற்றுக்கு டி-4 வகை. இரண்டுமே சிவப்புதான், ஒன்றுக்குப் பதில் ஒன்று ஆகாது.

ஆயிலைப் பார்ப்பது

அமிர்தக்கரைசல் சரியாக வந்திருக்கிறதா என்று மூக்கும் கண்ணும் சொல்லிவிடும். இதுவும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. பழுப்பு என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் கருகுகின்றன. பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் தண்ணீர் கலந்துவிட்டது; அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

அளவு பார்க்கும் கம்பி இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் சமதரையில், ஆயில் சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் கம்பியே கிடையாது. குறிப்பிட்ட சூட்டில் அடிப்பக்க மூடியைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

என் வண்டியில் இறங்கிய ஆயில் கடுங்காப்பி போல இருந்தது. தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு. "இது வழக்கமான தேய்மானம். இரும்புத் துண்டு கிடந்திருந்தா பெட்டியைப் பிரிக்கணும்" என்றார் பெரியவர். தட்டைக் கழற்றினாலும் ஒரு பகுதி ஆயில்தான் வெளியே வரும். மீதி கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் தங்கிவிடும். அதனால் ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றினோம். மூன்று தடவை. மலையிலும் பாரத்திலும் ஓடும் வண்டிக்கு 'ஆயுசு ஆயில்' என்று ஒன்று கிடையாது. நான் இப்போது 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன்.

ஓட்டும்போது

• முழுதாக நின்ற பிறகே 'டி'யிலிருந்து 'ஆரு'க்கும், 'ஆரி'லிருந்து 'டி'க்கும் மாற்றுங்கள்.

• சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி 'என்', அடுத்து கைபிரேக், பிரேக்கை மெல்ல விட்டுப் பார்த்து, கடைசியில் 'பி'. இல்லையென்றால் மொத்தப் பாரமும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் நிற்கும்.

• மலை ஏறவும் இறங்கவும் கியரைக் குறைத்து வையுங்கள். இறக்கத்தில் 'என்'னில் உருள விடாதீர்கள்.

• சேற்றில் மாட்டினால் ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கொஞ்ச நேரத்திலேயே ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். இறங்கி, கல்லோ பலகையோ போடுங்கள்.

• ரேடியேட்டருக்கு முன்னால் கூலரில் வைக்கோல் தூசி அடைத்திருக்கும். மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

• நின்றுபோன வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்பு ஓடும். அது ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே வறண்டு தேயும். மேடை வண்டியில் ஏற்றிக் கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. இறக்கின கறுப்பு ஆயிலை வேலிக்கம்பத்தில் பூசுவதும், வரப்புக் களைக்கு ஊற்றுவதும் நம் ஊர்களில் பழக்கம். ரசாயனம் வேண்டாம் என்கிற நாம் அதைச் செய்யக்கூடாது. மண்புழு இருக்கும் மண்ணில் அது போகவே வேண்டாம். கேனில் பிடித்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

என் வண்டி இப்போதும் வாரம் இரண்டு நடை மலை இறங்குகிறது. குளிர்ந்த காலையில் இரண்டாம் கியருக்குப் போகும்போது மட்டும் லேசாக ஒரு குலுக்கல். இரண்டு வருசம் பார்க்காமல் விட்டதற்கு அது சொல்லிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொள்வேன். பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கப் போகிறவர்கள், விலை பேசும் முன் அந்த ஆயிலை ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். கம்பி இல்லாத வண்டி என்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.