அவநம்பிக்கைச் சிறையும் வாக்குறுதித் திறவுகோலும்: இரட்சணிய யாத்திரிகமும் திருமாலையும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தன்னையே அழிக்கத் தூண்டும் மனச்சோர்வைக் கிறித்தவ நம்பிக்கையால் வெல்லும் முறையை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. திருவரங்கத்தில் பிறந்த திருமாலை ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: அகப்போராட்டம், அவநம்பிக்கை, தன்முறையீடு, வாக்குறுதி, வழித்துணை.

முன்னுரை

நன்மையை விரும்பியும் அதனைச் செய்ய இயலாத மனித நிலையைப் புனித பவுல் ரோமருக்கு எழுதிய மடலின் ஏழாம் அதிகாரத்தில் பேசுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவப் படைப்பாளர் இந்நிலையை இருவகையில் அணுகினர். ஒன்று அறநெறி வழி. மற்றொன்று காப்பிய வழி.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்து, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை முதல்வகையினர். அவருடைய நீதிநூல் (1859) தீய பண்புகளை அறிவுரையால் களையத்தக்கனவாகக் கொள்கிறது. ஆனால், தன் குற்றத்தை நன்கு அறிந்து, அவ்வறிவாலேயே நொறுங்கிக் கிடப்பவனுக்கு அறிவுரை மட்டும் போதுமா? இவ்வினாவிற்கு விடை தேடும்போது காப்பிய வழி இன்றியமையாததாகிறது.

திருவரங்கத்துத் தன்முறையீடு

திருவரங்கத்தில் மலர்மாலைத் தொண்டு செய்த தொண்டரடிப்பொடியாழ்வார் பாடிய திருமாலை 45 பாசுரங்களை உடையது. சூது, களவு, மாதர்மேற் கொண்ட மயக்கம் எனத் தம் வீழ்ச்சிகளை ஆழ்வார் ஒளிக்காமல் அடுக்குகிறார். இவ்வடுக்கு தன்னிகழ்ச்சியோடு முடிந்துவிடவில்லை. அது அரங்கனை முன்னிலைப்படுத்திய முறையீடு. வலைப்பட்டுக் கிடந்தவரை வருக என அழைத்து, அவர் உள்ளத்துள் இறைவனே புகுந்தான் என்பதே அவர் கூறும் மீட்பு. கேட்பவன் ஒருவன் உளன் என்ற துணிவே தன்பழியைத் தன்னழிவாகாமல் காக்கிறது.

சிறையும் திறவுகோலும்

கிருஷ்ண பிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கம்பனை அடியொற்றிக் காப்பியம் செய்தமையால் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படுபவர். கம்பராமாயணம் அரங்கேறியதாக மரபு கூறும் இடமும் திருவரங்கமே. 1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவியது.

மூலக்கதையில், கரடுமுரடான நெறியில் கால் நொந்த பயணியர் இருவர் மெத்தென்ற புல்வெளிப் பாதைக்கு விலகி வழிதவறுகின்றனர். நம்பிக்கையின்மை என்னும் அரக்கன் அவர்களைப் பிடித்து, ஐயம் என்னும் கோட்டையில் அடைக்கிறான். அடிப்பதோடு அமையாது, கத்தியோ கயிறோ நஞ்சோ கொண்டு உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அவன் அறிவுறுத்துகிறான். அவநம்பிக்கை ஆலோசகன் வேடம் பூணும் இவ்விடம் கூர்ந்து நோக்கத்தக்கது. அழிவெண்ணம் அறிவார்ந்த முடிவு போலவே மனத்தில் தோன்றும் என்பதைக் கதை உணர்த்துகிறது.

விடுதலை இரு படிகளில் நிகழ்கிறது. முதலில், மாய்ந்துவிட எண்ணும் பயணியை உடனிருக்கும் தோழன் தடுக்கிறான். முன்பு கடந்துவந்த இடர்களை நினைவூட்டுகிறான். பின்னர், இரவெல்லாம் வேண்டுதல் செய்த பயணிக்குத் தன் மார்பிலேயே வாக்குறுதி என்னும் திறவுகோல் இருப்பது நினைவுக்கு வருகிறது. திறவுகோல் புதிதாக வந்ததன்று, மறக்கப்பட்டிருந்தது. எனவே இங்கு நம்பிக்கை என்பது மனவலிமையைப் பெருக்குதலன்று. முன்னரே அருளப்பட்ட சொல்லை நினைவுகூர்தல் எனலாம்.

ஒப்பும் வேறுபாடும்

இரு நூல்களிலும் மீட்பு தன்முயற்சிக்கு அப்பாலிருந்து வருகிறது. எனினும் திருமாலையில் போராட்டம் ஒரு சந்நிதியில் நின்று தீர்கிறது. யாத்திரிகத்தில் அது வழிநடையில், துணையோடு தீர்கிறது. சிறையிலிருந்து மீண்ட பின்னும் பயணம் எஞ்சியுள்ளது. போராட்டம் மீண்டும் நேரலாம்.

கிருஷ்ண பிள்ளை காப்பிய ஓட்டத்தினிடையே தேவாரம் என்னும் பெயரில் வேண்டற் பாடல்களை அமைத்துள்ளமை இவ்விரு நிலைகளையும் இணைக்கிறது. அவ்விடங்களில் படர்க்கையில் செல்லும் கதை நின்று, தன்மையில் எழும் முறையீடு ஒலிக்கிறது. இதனைத் திருமாலையின் நேரடித் தாக்கம் எனத் துணிவதைவிட, தமிழ்ப் பக்தி மரபின் பொதுவுடைமை எனக் கொள்வதே பொருந்தும்.

முடிவுரை

குற்றவுணர்வு தனிமையில் தன்னழிவாகிறது, கேட்பவன் முன் முறையீடாகிறது, வழித்துணையோடு பயணமாகிறது. இதுவே இவ்வொப்பாய்வு காட்டும் முடிவு. மூலக்கதையில் தப்பிய பயணியர், பின்வருவோர் அவ்வழி விலகாதிருக்க எச்சரிக்கைத் தூண் ஒன்றை நட்டுச் செல்கின்றனர். தாம் பட்டதைப் பிறர்க்கு வழிகாட்டியாக நிறுத்தும் அச்செயலை, ஆழ்வாரின் முறையீட்டிலும் கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்திலும் ஒருங்கே காணமுடிகிறது.