பொன்னின் விலையும் கையின் விலையும்

நான் பிறந்து வளர்ந்த ஊர் தட்டாஞ்சாவடி. பெயரைப் பிரித்தால் ‘தட்டான்’, ‘சாவடி’ என இரு சொற்கள் கிடைக்கும். தட்டான் பொன்னைத் தட்டி அணி செய்பவன். சாவடி வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். இன்று எங்கள் ஊருக்கு வருவோர் தொழிற்பேட்டையைக் கேட்டு வருகின்றனர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைக் கேட்டு வருகின்றனர். தட்டானைக் கேட்டு வருவோர் இலர். (சிறு பிள்ளைகளுக்கோ தட்டான் என்றால் மழைக்கு முன் தாழப் பறக்கும் பூச்சிதான்!) ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு தட்டான் இருக்கிறார். அவர் என் தாய்வழிப் பாட்டனார். பட்டறையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும் தெருவில் அவரைப் ‘பத்தர்’ என்றே அழைக்கின்றனர்.

நான் வரலாறு படிப்பவள், ஓவியம் வரைபவள். இரண்டு ஆண்டுகளாகச் செம்புக் கம்பியும் கண்ணாடி மணியும் கொண்டு காதணி, பதக்கம் முதலியன செய்தும் வருகிறேன். ஒரு கண்காட்சியில் என் ஓவியங்களைப் பார்த்த பெரியவர் ஒருவர், அருகில் பரப்பியிருந்த காதணிகளையும் கண்டு, “படம்தான் நன்றாக வரைகிறாயே, பிறகு ஏன் இந்த வளையல் கடை வேலை?” என்று கேட்டார். அன்று மாலை அவற்றுள் ஒன்றைப் பாட்டனார் கையில் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். “ஏம்மா, இத அடகு வெக்க முடியுமா?” என்றார்.

ஓவியம் அறிந்தவருக்கு நகை தாழ்ந்த வேலை. நகை அறிந்தவருக்கு என் நகை நகையே அன்று. இரண்டு கேள்விகளும் என்னை உறுத்தின. விடை தேடிப் படித்ததே இக்கட்டுரை.

பத்தர் கணக்கு

பாட்டனாரின் கேள்வியில் பிழையில்லை. நம் நாட்டில் அணிகலன் என்பது அணியப்படும் சேமிப்பு. மகள் திருமணம், மருத்துவச் செலவு, விதைநெல் எல்லாவற்றுக்கும் கழுத்திலிருந்தே பணம் வந்திருக்கிறது. ஆதலால் நகையின் விலை என்பது பொன்னின் எடையும் மாற்றும்தான். செய்தவன் கைக்கு உரியது செய்கூலி; அதுவும் எடையைக் கொண்டே கணக்கிடப்படும். நகை பழையதானால் உருக்கிவிடுவர். பல நாள் உழைத்து இழைத்த பூவேலை, குமுட்டி நெருப்பில் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். பாட்டனார் செய்த அட்டிகைகளுள் ஒன்றேனும் இன்று எங்கே இருக்கிறது என்று அவரால் சொல்ல இயலாது. அவரிடம் எஞ்சியிருப்பது ஒரு கணக்கு நோட்டுப் புத்தகம். பக்கந்தோறும் எடையும் கூலியும். ஓரத்தில் பென்சிலால் வரைந்த மாதிரி. அந்த ஓரப் படங்களை என் ஓவியங்களோடு வைத்துப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கோடு அத்தனை உறுதி.

இத்தொழிலுக்கு விழுந்த பெரிய அடியையும் இங்கே சொல்ல வேண்டும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள் 1962 ஆகஸ்டு 16. அதன்பின் ஐந்து மாதம் நிறைவதற்குள், 1963 சனவரியில், நடுவண் அரசின் பொன் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. சீனப் போருக்குப் பிந்திய நெருக்கடி. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்தல் கூடாது என்பது விதி. 22 காரட்டில் பழகிய மக்கள் 14 காரட்டைச் சீந்தவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர்; உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் விதி 1966 இல் நீங்கியது. 1968 இல் இயற்றப்பட்ட பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. அப்போது தொழில் கற்றுக்கொண்டிருந்த இளைஞர் என் பாட்டனார். பின்னர் மீண்டும் பட்டறை வைத்தார். அச்சில் வார்த்த நகைகள் கடைகளில் நிறைந்தபோது அதையும் மூடிவிட்டுத் தொழிற்பேட்டையில் இரவுக் காவலுக்குப் போனார். பொன்னின் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. கையின் விலைதான் போயிற்று.

மணலில் செய்த மணி

பொன் இல்லாவிட்டால் நகை இல்லையா? நம் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு இதற்கு விடை சொல்கிறது. 1945 இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தனர். அதற்கும் முன்னரே பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை வாங்கிச் சேர்த்திருந்தார். ரோமானியப் பானையோடுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். என்னைக் கவர்ந்தவை மணிகளே. சூதுபவளம், படிகம் முதலிய கற்கள் பாதி தீட்டியும் துளையிடாமலும் கிடைத்துள்ளன. பட்டறை அங்கேயே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கண்ணாடி மணியோ இன்னும் வியப்பானது. உருகிய கண்ணாடியைத் துளை கெடாமல் நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை உருட்டுவர். கடுகளவு மணிகளையும் இவ்வாறு செய்யலாம். இம்முறையில் செய்த மணிகள் தென்கிழக்காசிய நாடுகளிலும் பெருவாரியாகக் கிடைத்துள்ளன. ஆந்திரத்துப் பாப்பாநாயுடுப்பேட்டையில் இம்முறை நம் காலம்வரை நிலைத்தது. கண்ணாடியின் மூலப்பொருள் மணல். மணலுக்கு யார் கடல் கடந்து விலை கொடுப்பர்? கொடுத்த விலை முழுவதும் கைக்கே கொடுத்தது அன்றோ! (நண்பர்கள் அரிக்கமேட்டுக்குச் சென்றால் பார்த்துவிட்டு வரலாம், அது பாதுகாக்கப்பட்ட இடம், மணி பொறுக்குதல் கூடாது.)

ஓவியர் செய்த கைவேலை

இனி அந்தப் பெரியவர் கேள்விக்கு வருகிறேன். பாட்டனாரின் தலைமுறை கைத்தொழிலைவிட்டுப் பிழைப்புத் தேடி அலைந்த அதே அறுபதுகளில், சென்னையில் ஓவியர் சிலர் பிழைப்புக்காகக் கைத்தொழிலைத் தேடி வந்தனர். சென்னை அரசு கலைத்தொழிற் பள்ளியின் முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். ஓவியமும் சிற்பமும் கற்று வெளியேறும் மாணவர்க்குச் சோறு எங்கே என்பது அவரை வாட்டிய கேள்வி. ஓவியத்தை வாங்குவோர் அக்காலத்தில் மிகச் சிலர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாதிக் முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். அப்பணத்தின் துணையால் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் மணல் நிலம் வாங்கி, 1966 இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். கைவேலை வயிற்றுக்கு, அதனால் ஓவியம் யாருக்கும் பணிந்து வரைய வேண்டாததாயிற்று. 1977 இல் பணிக்கர் மறைந்த பின்னும் கிராமம் நிலைத்தது. 2009 இல் அங்கே ஒரு கலைக்கூடமும் திறக்கப்பட்டது.

கைவேலை ஓவியரின் நேரத்தைத் தின்றுவிடாதா என்று கேட்கலாம். தின்னும். சென்ற பருவத் தேர்வுக்கு முன் இருபது இணைக் காதணிகளுக்குச் சொல்லிவைத்தார்கள். ஒரு மாதம் தூரிகையைத் தொடவில்லை. ஆனால் கைவேலை கற்றுக்கொடுப்பதும் உண்டு. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் இயற்பியல் பட்டம் பெற்றுச் சிற்பத்துக்கு வந்தவர். செம்பும் பித்தளையும் பற்றவைத்து, எனாமல் பூசி, முன்னிருந்து நோக்கும் வண்ணம் அவர் அமைத்த சிற்பங்கள் எனக்குப் பெரிதாக்கிய பதக்கங்களாகவே தோன்றுகின்றன. பி. வி. ஜானகிராமின் தட்டிய செம்புத் தகட்டுச் சிற்பங்களும் அத்தகையவை. இவற்றின் முன் நின்றால் ஓவியன் எங்கே முடிகிறான், தட்டான் எங்கே தொடங்குகிறான் என்று கோடு கிழிக்க என்னால் இயலாது.

நகையையே எடுத்துக்கொண்ட ஓர் உலகக் கலைஞரும் உண்டு. காற்றில் அசையும் தொங்கு சிற்பங்களால் புகழ்பெற்ற அமெரிக்கர் அலெக்சாண்டர் கால்டர் ஏறத்தாழ 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் பித்தளை, வெள்ளிக் கம்பிதான். கடற்கரையில் கிடைத்த கண்ணாடித் துண்டு, ஓட்டுச் சில்லுகளையும் கோத்தார். பொடி வைத்து ஊதுவதை விரும்பாமல், கம்பியைச் சுருட்டியும் தட்டியும் வளைத்துமே இணைத்தார். 1940 இல் நியூயார்க்கில் நகைகளுக்கென்றே அவர் கண்காட்சி ஒன்று நடந்தது. 1955 இல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பை ஏற்று அகமதாபாத்துக்கு வந்தபோதும் சிற்பங்களோடு நகைகளும் செய்தார். பெகி குகன்ஹைம் என்ற சீமாட்டி 1942 இல் தம் கலைக்கூடத்தைத் திறந்தபோது ஒரு காதில் கால்டர் செய்த தோடும், மறு காதில் தாங்கி என்ற ஓவியர் செய்த தோடும் அணிந்து வந்தாராம், இரு கலைக் கட்சிக்கும் தாம் பொது என்று காட்ட! கால்டரின் பித்தளையை எடைக்குப் போட்டால் ஒரு வேளைச் சோறு கிடைக்கலாம். மக்கள் மதித்தது அவர் கையை.

மீண்டும் நோட்டுப் புத்தகம்

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் பாட்டனாருக்குப் படித்துக் காட்டினேன். கால்டர் பொடி வைத்து ஊதவில்லை என்ற செய்தி அவருக்குப் பிடிக்கவில்லை. “ஊதத் தெரியாதவன் பத்தனா?” என்றார். ஆனால் என் காதணியை மறுபடியும் வாங்கிப் பார்த்தார். வளைவு தளர்ந்திருப்பதைக் காட்டினார். செம்பு தட்டத் தட்ட விறைக்கும், காய்ச்சினால் இளகும். நான் வளைத்ததோடு நிறுத்தியிருந்தேன். உள்ளே போய்ச் சிறிய சுத்தியலையும் பட்டடையையும் எடுத்துவந்து, நடுங்கும் கையால் பத்துப் பதினைந்து தட்டுத் தட்டினார். கம்பி தட்டையாகி, ஓரத்தில் ஒளி பிடித்தது. வளைவு நிமிராமல் நின்றது.

பிறகு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். எழுதாதிருந்த பக்கத்தில் “செம்பு, 4 கிராம்” என்று எழுதி, ஓரத்தில் காதணியை வரைந்தார். “கூலி என்னா போடட்டும்?” என்றார்.

இரண்டு மணி நேர வேலை என்று கணக்கிட்டு ஒரு தொகை சொன்னேன்.

“எங்க காலத்துல ஒரு சவரனுக்கே இவ்ளோ கூலி வாங்கினதில்லயே” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.